தபாலில் வந்த எலுமிச்சம்பழம்

ஜனவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே வென்டல் ரீமர் ஒரு பயங்கரமான சபதம் எடுத்தார். இந்த வீட்டில் 'அரிசோனா' என்ற வார்த்தை முதலில் தன் வாயிலிருந்து வரவே கூடாது. ஆர்டித்தின் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவள் ஏங்கவேண்டும். கெஞ்சவேண்டும். இவர் கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கொள்ள வேண்டும். அப்புறம் பெரிய மனது பண்ணி, "சரி, உனக்காகத்தான்" என்று கிளம்பவேண்டும்.

சபதம் எடுத்த கையோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆர்டித் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஏக்கம் என்று சொல்ல ஒரு சொட்டு இல்லை அந்த முகத்தில்.

"என்ன அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லை. வெளில ரொம்பக் குளிரா இருக்கும் போலிருக்கு."

"ஜனவரி மாசம், சஸ்காச்சுவான். பின்ன புழுக்கமாவா இருக்கும்?"

அதோடு பேச்சு முடிந்தது. வென்டல் கஞ்சியை விழுங்கினார்.

பதினாலு குளிர்காலமாக அவர்கள் இரண்டு பேரும் ஜனவரியை இந்த ஊரில் பார்த்ததில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தில் அவர்கள் ஊரான டன்ரோஸில் முதல் பனி விழும் முன்பே வீட்டைப் பூட்டுவார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த, பஸ் நீளத்துக்கு ஒரு வீட்டு வண்டி அவர்களிடம் இருந்தது. அதில் ஏறித் தெற்கே பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். அரிசோனாவில் யூமா ஊருக்கு வெளியே, இவர்களை மாதிரியே குளிருக்குப் பயந்து ஓடிவந்த கிழடுகள் வண்டி வண்டியாக நிற்கும் ஒரு பார்க் உண்டு. அங்கே நிறுத்தினால் ஏப்ரல் வரை நகரமாட்டார்கள். சாயங்காலம் நாலு மணி அடித்ததும் ஆளாளுக்கு ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வரவில்லை என்றால்தான் வந்து கதவைத் தட்டுவார்கள்.

அதற்கெல்லாம் போன ஏப்ரலில் முடிவு வந்தது. திரும்பி வரும் வழியில், மொன்டானாவில் ஒரு பெட்ரோல் பங்க். வென்டல் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஆர்டித் வழக்கம்போல் பின்னால் நின்று சைகை காட்டினாள். அந்தப் பார்க்கில் எல்லாத் தம்பதிகளும் அப்படித்தான். ஓட்டுவது ஒருவர், பின்னால் நின்று கைகாட்டுவது ஒருவர். பதினாலு வருஷமாக ஓட்டினது வென்டல், கைகாட்டினது ஆர்டித். பதினாலு வருஷமாக வென்டல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திய வசனமும் ஒன்றுதான்: "கண்ணாடியில நீ எனக்குத் தெரியலைன்னா, நீ அங்க இல்லைன்னு அர்த்தம்!"

அன்றைக்கு ஆர்டித் தலைக்கு மேல் இரண்டு கையையும் பெருக்கல் குறி போட்டு, நிறுத்து நிறுத்து என்று குதித்தாள். கண்ணாடியில் அவள் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பங்க்கின் கூரை விளிம்பு வண்டியின் மேலிருந்த ஏ.சி.யைப் பெயர்த்து எடுத்துக்கொண்டது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது என்றார். "ஊருக்குள்ள கார் ஓட்டுங்க. வீட்டை ஓட்டாதீங்க." மகள் ஷெர்ரி ரெஜைனாவிலிருந்து வந்து ஒரு பாட்டம் அழுதாள். வென்டலுக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வீராப்பாகச் சொல்லிவிட்டார்.

"நீங்க என்ன சொல்றது? நானே விட்டுடலாம்னுதான் இருந்தேன். அலுத்துப்போச்சு. அதே வெயில், அதே மூஞ்சிங்க. இனிமே கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

ஆர்டித் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படியா? சரி" என்றாள்.

அந்த 'சரி'யைத்தான் வென்டலால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு பேச்சுக்காவது "ஐயோ, எனக்குப் போகணுமே" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

குளிர்காலம் வந்தது. டன்ரோஸில் குளிர்கால வென்டலுக்கு என்று ஒரு இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோடைகால வென்டலை எல்லாருக்கும் தெரியும். அறுவடை இயந்திரத்துக்கு உதிரி பாகம் விற்ற வென்டல், தக்காளி போடுகிற வென்டல். குளிர்காலத்தில் ஊர் வேறு மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடுகிற கர்லிங் கிளப்பில் அக்டோபரிலேயே அணி பிரித்தாகிவிட்டது. சர்ச்சில் அவர் பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்து பழகிவிட்டது. கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கிற மேஜையைச் சுற்றி ஆறு பேர், ஆறு நாற்காலி. இவர் ஏழாவதை இழுத்துப் போட்டால் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் யாராவது ஒருவர், "அடடே வென்டல், எப்ப வந்தே? எப்பத் திரும்பிப் போறே?" என்று கேட்டார்கள். சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் அதற்கும் மேலே போனார். பதினாலு குளிர்காலமாக இந்த வீட்டுச் சாவி அவரிடம்தான். வாரத்துக்கு ஒரு நாள் வந்து, குழாய் உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். இந்த வருஷமும் பழக்க தோஷத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கூடத்தில் உள்ளாடையோடு நின்றுகொண்டிருந்த வென்டலைப் பார்த்து, "திருடன்!" என்று அலறினார்.

"யோவ், நான்தான்யா!"

"நீயா? நீ இங்க என்ன பண்றே?"

"என் வீடுய்யா இது!"

"அது சரி. ஆனா இப்ப நவம்பர் ஆச்சே!"

ஓரெஸ்ட் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியும் மனசு கேட்காமல் குழாயை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போனபின் வென்டலுக்கு ஒன்று தோன்றியது. அடுத்த வாரமும் இந்த மனுஷன் மறந்துபோய் உள்ளே வந்தால் நன்றாயிருக்கும். வரவில்லை. ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டாரே.

ஆர்டித்துக்கு மட்டும் எப்படியோ ஊரில் இடம் கிடைத்துவிட்டது. அந்த நவம்பர் கடைசியிலேயே ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள் கூட்டம் ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கன்னம் சிவக்க, கண் பளபளக்கத் திரும்பி வருவாள். போர்வை தைத்துவிட்டு வருகிறவளுக்கு இவ்வளவு உற்சாகம் எதற்கு என்று வென்டல் யோசித்தாரே தவிர, இத்தனை நாளில் கைக்குட்டை அளவுக்குக்கூட ஒரு போர்வை வீட்டுக்கு வரவில்லையே என்று யோசிக்கவில்லை.

அவள் போனபின் வீடு சத்தம் போடும். குளிரில் சுவர் டிக்கென்று தெறிக்கும், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பெருமூச்சு விடும். வென்டல் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பார். வெள்ளை வயல், வெள்ளை வானம். அசைகிற வஸ்து ஒன்றே ஒன்று, ஓரெஸ்ட்டின் பழைய மஞ்சள் பஸ். பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்டதை வாங்கி, தேனீப்பெட்டி ஏற்ற வைத்திருக்கிறார். குளிரில் நின்றே கிடந்தால் இஞ்சின் செத்துவிடும் என்று, செவ்வாயும் வியாழனும் பனி தள்ளிய வயலில் அதை ஓட்டுவாராம்.

அதை ஓட்டுகிற லட்சணம்தான் வென்டலுக்குப் பொறுக்கவில்லை. தூரத்தில், பனி கண்ணைக் கூசவைக்க, அவருடைய மீதிக் கண்ணுக்கு ஓட்டுகிறவர் முகம் தெரியாது. பஸ் தெரியும். அது போதும் திட்டுவதற்கு.

"இந்த ஓரெஸ்ட்டுக்கு மூளை கலங்கிடுச்சு ஆர்டித்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"ஏன், என்ன பண்ணினார்?"

"பஸ்ஸைப் பின்னால எடுக்கறான், பாக்கச் சகிக்கலை. வேலிக்கம்பத்துல இடிச்சுட்டான்."

ஆர்டித் உருளைக்கிழங்கைக் குத்தினாள். "லேசாத்தானே இடிச்சுது?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவரு பொண்டாட்டி சொன்னா. சரி, அவரு எங்க தப்புப் பண்றார்?"

வென்டலின் முகம் மலர்ந்துவிட்டது. நவம்பருக்குப் பிறகு அவரை யாரும் எதைப் பற்றியும் கேட்டதில்லை. உப்புக்குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெண்ணெய்த்தட்டை பஸ் ஆக்கினார்.

"இதோ பாரு. நீளமான வண்டியை ஓட்டறவன் முன்னால பாத்துத் திருப்பக்கூடாது. பின்சக்கரம் எங்க வருதுன்னு பாத்துட்டுத்தான் திருப்பணும். பின்னால எடுக்கறப்ப அவசரமே கூடாது. ஸ்டியரிங்கை உச்சியில பிடிச்சுக்கோ. பின்பக்கம் எங்க போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளு."

"உச்சியிலயா? இரு இரு. இடது பக்கம் போகணும்னா கையை இடது பக்கம்?"

"ஆமா! உனக்குப் புரியுது, அந்த மடையனுக்குப் புரியலை."

"பனி மேல சறுக்கினா?"

"பிரேக்கைத் தொடவே தொடாதே!"

சாப்பாடு ஆறிப்போனது. அன்றைக்கு ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. அடுத்த செவ்வாய் ஜன்னலில் பார்த்தார். பஸ் பதவிசாகப் பின்னால் வந்து கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. "பரவாயில்லையே, தேறிட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் செவ்வாய் வியாழன் போக மீதி நாளும் இருக்கிறதே. யூமாவில் நாலு மணி என்றால் டன்ரோஸில் ஐந்து, இருட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்துக்கு வென்டல், "கராஜ்ல கொஞ்சம் வேலை" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போவார். தார்ப்பாய் போர்த்தி வைத்த வீட்டு வண்டிக்குள் நுழைந்து, ஓட்டுநர் இருக்கையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, பார்க்கிலிருக்கும் ஹார்லனுக்கு போன் போடுவார். ஹார்லன் நெப்ராஸ்காக்காரர். வட்டத்தில் எப்போதும் வென்டலுக்கு அடுத்த நாற்காலி.

"என்னப்பா ஹார்லன், வெயில் எப்படி?"

"கொளுத்துது! அரைக்கை சட்டைதான். உன் இடத்துக்கு ஐடஹோலேர்ந்து ஒரு ஜோடி வந்திருக்காங்க. தங்கமான மனுஷங்க."

"என் இடத்துக்கா? சேர் எங்க போட்டுக்கறாங்க?"

"உன் சேர் இருந்த இடத்துலதான். வேற எங்க போடுவாங்க? இரு வென்டல், யாரோ கூப்பிடறாங்க, ஒரு நிமிஷம்."

ஹார்லன் போனை நாற்காலிக் கையில் கோப்பை வைக்கிற குழியில் வைத்துவிட்டுப் போவார். போனவர் மறந்துவிடுவார். வென்டல் வைக்கமாட்டார். அந்தப் பக்கம் ஐஸ் கட்டி கிளாஸில் விழுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், நாய்க்கு யாரோ ஏதோ போட்டுச் செல்லம் கொஞ்சுகிற சத்தம் எல்லாம் கேட்கும். ஐடஹோக்காரர் ஒரு நகைச்சுவை சொல்வார். அதைப் போன வருஷம் வென்டல் இன்னும் நன்றாகச் சொன்னார். கை மரத்துப்போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குள் வருவார்.

"கராஜ்ல வேலை முடிஞ்சுதா?" என்பாள் ஆர்டித்.

"கொஞ்சம் பாக்கி இருக்கு."

இப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. யூமாவில் எலுமிச்சை மரம் நம்மூர் வேலிச்செடி மாதிரி. ஆர்டித் பார்க் மரத்துப் பழத்தைக் கூடை கூடையாகப் பறித்துக் கேக் பண்ணுவாள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், தானாக ஏங்கிவிடுவாள். வென்டல் மறுநாளே கூட்டுறவுக் கடைக்குப் போய் ஒரு மூட்டை எலுமிச்சை வாங்கினார். கராஜில் உட்கார்ந்து ஒவ்வொரு பழத்திலிருந்தும் கடை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆர்டித், பார்சல் வந்திருக்கு! நம்ம யூமா கூட்டம் அனுப்பியிருக்கு. எலுமிச்சை!"

"அடடே! இது நம்ம பூட்ஸ் வந்த பெட்டி இல்லை?"

"அவங்க பெட்டி கிழிஞ்சுபோச்சு. நான்தான் மாத்தினேன்."

"ஞாயித்துக்கிழமைகூடத் தபால் வருதா இப்பல்லாம்?"

வென்டலுக்கு வேர்த்தது. "நேத்தே வந்துச்சு. கார்லயே மறந்துட்டேன்."

"ராத்திரி மைனஸ் முப்பத்தஞ்சு. கார்லயே கிடந்தும் உறையலையே! அந்த ஊர் எலுமிச்சைக்கு என்ன வீரியம் பாரேன்."

"அதானே!" என்றார் வென்டல். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார். "மோந்து பாரு. ஏதாவது ஞாபகம் வருதா?"

ஆர்டித் ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடி, நன்றாக முகர்ந்தாள். வென்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வருது" என்றாள்.

"என்ன? என்ன?"

"பேக்கிங் பவுடர் தீர்ந்துபோச்சு."

அன்று மத்தியானமே கேக் வெந்தது. வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஏங்கியது வென்டல்தான். கேக்கில் அவருக்கு ஒரு துண்டு கிடைத்தது. மீதியை ஆர்டித் துண்டு போட்டு, ஃப்ரீசரில் அடுக்கினாள்.

"ஹார்லனுக்கு போன் பண்ணி நன்றி சொல்லணும்" என்றாள்.

"நான் சொல்லிட்டேன்! உன் சார்பாவும் சேத்து!"

"அப்ப சரி." பெருமூச்சு விட்டாள். "அனுப்பினதுதான் அனுப்பினாங்க, பேரீச்சம்பழமும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

ஆகா, ஏக்கம் தொடங்கிவிட்டது! அந்த வாரமே பேரீச்சம்பழம் 'வந்தது'. ஆர்டித் அதைப் போட்டு ரொட்டி சுட்டு ஃப்ரீசரில் வைத்தாள்.

"பெக்கான் கொட்டை இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

பெக்கான் கொட்டை வந்தது. அதுவும் பிஸ்கட் ஆகி உள்ளே போனது.

"ஆரஞ்சுப்பூத் தேன் அனுப்பவே மாட்டேங்கறாங்களே, அவங்களுக்கு என்ன கோபமோ."

டன்ரோஸ் கடையில் ஆரஞ்சுப்பூத் தேன் கிடையாது. வென்டல் ரெஜைனா வரைக்கும் பஸ்ஸில் போய்த் தேடி வாங்கினார். திரும்பி வரும்போது பனிப்புயலில் மாட்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு காப்பிக்கடையில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். தேன்குப்பியைக் கோட்டுக்குள் வைத்துக் குழந்தையைப் போல் காப்பாற்றிக் கொண்டுவந்தார்.

ஆர்டித் தேனை விரலில் தொட்டு நக்கினாள். வென்டல் எதிரே நின்றார். இதோ, இப்போது சொல்லப்போகிறாள்.

"வென்டல், நீ அன்னிக்குச் சொன்னது ரொம்பச் சரி."

"எது?"

"இனிமே அந்தப் பக்கமே போகவேண்டாம்னு சொன்னியே. எதுக்குப் போகணும்? எலுமிச்சை வருது, பேரீச்சை வருது, தேன் வருது. எல்லாம் தபால்லயே வந்துடுதே! வீட்டோட சுகமா இருக்கலாம்."

குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வென்டல் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஐந்து மணி ஆயிற்று. கராஜ் வேலைக்கு எழுந்திருக்கவில்லை. எதற்குப் போவது? அங்கே சேர் போட வேறு ஆள் வந்தாயிற்று. இங்கே ஏழாவது நாற்காலி. பேசுவதற்கு என்று மிச்சமிருந்தது ஓரெஸ்ட்டின் பஸ் ஒன்றுதான், அதையும் அவன் இப்போது நன்றாக ஓட்டித் தொலைக்கிறான். சபதம், பிகு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆர்டித்."

"ம்?"

"எனக்கு அரிசோனாவுக்குப் போகணும்."

குழாய் நின்றது.

"எனக்குத் தனியா இருக்கு ஆர்டித். நீ இருக்கே, இல்லைங்கலை. இருந்தாலும் ரொம்பத் தனியா இருக்கு. இந்த ஊர்ல என்னை யாரும் எதுக்கும் தேடலை. அலுத்துப்போச்சுன்னு சொன்னது சுத்தப் பொய். அந்த எலுமிச்சையும் பொய். நான்தான் வாங்கினேன்."

ஆர்டித் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஏப்ரனின் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜை மேல் ஒட்டினாள். சின்ன வட்டமான ஸ்டிக்கர். கூட்டுறவுக் கடையில் எலுமிச்சை மேல் ஒட்டி வருவது.

"ஒண்ணை உரிக்க மறந்துட்டே."

"அப்ப முதல் நாளே தெரியுமா?"

"முதல் நாளே ஹார்லனுக்கு போன் பண்ணினேன். 'என்ன எலுமிச்சை?'ன்னான். அப்புறம் நீ தினம் போன் பண்றதையும் சொன்னான். அவன் போனை வச்சுட்டுப் போனாலும் நீ வைக்காம கேட்டுக்கிட்டே இருக்கியாம். அதைச் சொல்றப்ப அந்த மனுஷனுக்குக் குரலே எழும்பலை." மேஜை மேலிருந்த ஸ்டிக்கரை விரலால் அழுத்தித் தேய்த்தாள். "தனியா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒரு மூட்டை எலுமிச்சை வேணுமாய்யா உனக்கு?"

"நீ கேப்பேன்னு பாத்தேன்."

"நான் ஏன் கேக்கணும்? ஊரைக் கூட்டி 'போகமாட்டேன்'னு சொன்னது யாரு? அந்த வாயாலயே 'போகணும்'னு வரட்டும்னு நானும் சபதம் போட்டிருந்தேன். ஏப்ரல்லேர்ந்து!"

வென்டலின் சபதத்துக்கு வயசு ஆறு வாரம். இவளுடையதற்குப் பத்து மாசம். போட்டி போடவே லாயக்கில்லை என்று அவருக்குப் புரிந்தது.

"அப்ப தேனு?"

"வழியில டீக்கு. கேக், ரொட்டி, பிஸ்கட் எல்லாமே வழிக்குத்தான். நாளைக்குக் காலையில கிளம்பறோம். காப்பீடு போட்டாச்சு. ஐடஹோ ஜோடி மாசக் கடைசியில காலி பண்றாங்க. அதுவரைக்கும் ஹார்லன் தன் பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருக்கான்."

வென்டல் எழுந்தே நின்றுவிட்டார். சந்தோஷத்தில் கோட்டுப் பொத்தானை அவிழ்ப்பதற்குப் பதில் இன்னொன்றைப் போட்டார். உடனே குடும்பத்தலைவர் தோரணை திரும்பி வந்தது.

"நல்லது! டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். பகல்ல மட்டும் ஓட்டறேன், மெதுவா. வலது பக்கத்தை நீ பாத்துச் சொல்லிக்கிட்டே வந்தாப் போதும்."

"வலது பக்கத்தை நான் பாக்க முடியும்னா, இடது பக்கத்தையும் நானே பாத்துக்கமாட்டேனா?"

"என்ன சொல்றே?"

"ஓரெஸ்ட் இப்பல்லாம் பஸ்ஸை எப்படி ஓட்டறார்?"

"அவனா? பிரமாதமா ஓட்டறான். போன வியாழக்கிழமை ரெண்டு கம்பத்துக்கு நடுவுல பின்னால விட்டான் பாரு, நானே அப்படி விட்டிருக்கமாட்டேன்."

"நிஜமாவா?" ஆர்டித்தின் கன்னம் சிவந்தது. "ஸ்டியரிங்கை உச்சியில பிடிச்சேன். பின்பக்கம் எங்க போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளினேன். நீ வெண்ணெய்த்தட்டை வச்சுச் சொல்லித்தந்தியே, அதே மாதிரி."

வென்டல் வெண்ணெய்த்தட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒட்டுப்போர்வை ஒன்றுகூட வராத காரணம் அப்போதுதான் அவர் மண்டைக்குள் ஏறியது.

"கம்பத்துல இடிச்சது?"

"லேசாத்தான்."

மறுநாள் காலை ஓரெஸ்ட் வந்து தார்ப்பாயை உருவினார். வண்டியின் நெற்றியில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. பார்க்கில் எல்லா வண்டிக்கும் ஒன்று உண்டு. பதினாலு வருஷமாக அதில் 'வென்டல் – ஆர்டித், டன்ரோஸ்' என்று இருந்தது. இப்போது புதுப் பெயின்ட்டில் 'ஆர்டித் – வென்டல்' என்று இருந்தது.

"நான் எழுதலை" என்றார் ஓரெஸ்ட் அவசரமாக. "பெயின்ட் டப்பாவை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ போறது வீட்டுக்கு நல்லதுதான்யா. எனக்கும் வாரத்துக்கு ஒரு வேலை ஆச்சு. ஆனா சீக்கிரம் வந்துடு. அந்த பஸ்ஸை நான் ஓட்டினா யாரும் திட்டமாட்டாங்க, போரடிக்கும்" என்றார். வென்டல் அவர் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார்.

ஓட்டுநர் இருக்கையில் ஆர்டித். தலையணை ஒன்றை அடியில் போட்டு உயர்த்திக்கொண்டிருந்தாள். வென்டல் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போனார். அவள் ஜன்னல் வழியாக ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையை அவர் மேல் போட்டாள். சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற பளிச்சென்ற சட்டை. பதினாலு வருஷமாக அவள் மாட்டிக்கொண்டது.

"போட்டுக்கோ. பின்னால போய் நில்லு."

வென்டல் போட்டுக்கொண்டார். அக்குளில் பிடித்தது. கொல்லையின் கோடியில், முழங்கால் பனியில் போய் நின்றார். இஞ்சின் உறுமியது. வண்டி மெல்லப் பின்னால் வந்தது. என்ன செய்வது என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. வா என்பதற்குக் கையை மேலே ஆட்டுவதா, கீழே ஆட்டுவதா? பதினாலு வருஷம் கண்ணாடியில் பார்த்த சைகை, கையில் வரமாட்டேன் என்றது. குத்துமதிப்பாக இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே, ஒரு அடி வலது பக்கம் நகர்ந்தார்.

வண்டி சடக்கென்று நின்றது. ஜன்னலிலிருந்து ஆர்டித்தின் தலை வெளியே வந்தது.

"யோவ் வென்டல்! கண்ணாடியில நீ எனக்குத் தெரியலைன்னா, நீ அங்க இல்லைன்னு அர்த்தம்! நான் உன்னை விட்டுட்டா போகமுடியும்? என் கண்ணுல படற மாதிரி வந்து நில்லு!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஓரெஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தார். வென்டல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடிப்போய், அவள் கண்ணில் படுகிற இடத்தில் நின்றார்.